நீடித்த மன அழுத்தமும் கார்ட்டிசோலும்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயாரை 14 மாதங்களாகக் கவனித்து வருகிறேன். சில வாரங்களாக அதிகாலை 3 மணிக்கே நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறேன். நேற்று அவர் கையிலிருந்து தண்ணீர்க் குவளை நழுவியதற்குக் கத்திவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்தபடியே நெடுநேரம் அழுதேன். இது என் இயல்பன்று.

சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோன், காலையில் விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சத்தை எட்டி, நள்ளிரவையொட்டி மிகக் குறைய வேண்டும் என்றும், அழுத்தம் மாதக்கணக்கில் நீளும்போது இந்த ஏற்ற இறக்கம் குலைந்து, உறக்கமும் மனநிலையும் சேர்ந்தே பாதிக்கப்படலாம் என்றும் படித்தேன். குஷிங் நோயில் இதே ஹார்மோன் மிகும்போது பலருக்கு மனச்சோர்வு வருவதால், இந்தத் தொடர்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் அதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறுவதால், ஒரேயொரு இரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்கத் தயங்குகிறேன். கார்ட்டிசோலைக் குறைப்பதாக விற்கப்படும் மாத்திரைகளையும் தொடவில்லை.

இந்நிலையைக் கடந்தவர்கள் முதலில் யாரைப் பார்த்தீர்கள், மனநல மருத்துவரையா, நாளமில்லாச் சுரப்பி நிபுணரையா? பரிசோதனை செய்திருந்தால், எந்த நேரத்தில் செய்தார்கள்? உறக்கம் சீரான பின் எரிச்சல் தணிய எத்தனை வாரங்கள் ஆயின? இவற்றைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் செல்ல விரும்புகிறேன்.