வீமனின் வயிற்றுக்கு நான் செய்த நன்மைகள் (அனுபவப் பகிர்வு)

உவர்மலை வாசி:

வீமனுக்கு ஆறு வயது, 18 கிலோ. சாதி நாய் இல்லை. திருகோணமலை டச்சுபே கடற்கரையில் மழைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை மகள் பள்ளிக்கூடப் பையோடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருவில் பிறந்தது, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாரியில் அந்த நினைப்பு போனது.

முதலில் வந்தது சாதாரண வயிற்றோட்டம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மிச்சத்தை யாரோ மதிலுக்கு மேலால் போட்டிருக்கிறார்கள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பூச்சி இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்று நாளைக்கு அவித்த கோழியும் குழையவிட்ட சோறும் மட்டும் கொடுங்கள் என்றார். கொடுத்தோம், நின்றுவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடிய விடாதவன் நான்.

திரும்ப வந்துவிடக் கூடாதே என்ற பயம். யாரோ பூசணி நல்லது என்றார்கள், காலையில் ஒரு குழிக்கரண்டி அவித்த பூசணி. தயிரில் நல்ல கிருமி இருக்கிறதாம், மத்தியானம் கிண்ணியாத் தயிர் இரண்டு கரண்டி. கொழும்பிலிருந்து மச்சான் ஒரு பவுடர்ப் பேணி அனுப்பினான், குடலுக்கு உகந்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது இரவுச் சாப்பாட்டில். போதாததற்கு, வழக்கமாக வாங்கும் நாய்ச் சாப்பாட்டுப் பக்கற்றை விட்டுவிட்டு ‘மென்மையான வயிற்றுக்கு’ என்று எழுதிய விலை கூடிய பக்கற்றுக்கு ஒரே நாளில் மாறினேன்.

பத்து நாளில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாயு என்றால் அப்படியொரு வாயு. மாமி தேவாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போவார். மலம் களி மாதிரி, சில நாள் அதைவிட மோசம். பழைய வியாதிதான் திரும்பியது என்று நினைத்துப் பூசணியையும் பவுடரையும் கூட்டினேன். கூட்டக் கூட்ட மோசமானது. இப்படியே இரண்டு மாதம்.

மறுபடி வைத்தியரிடம் போனபோது அவர் மருந்து எழுதவில்லை. “கிண்ணத்துக்குள் போகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்” என்றார். கொண்டுபோய் மேசையில் அடுக்கினேன். அந்த வைத்தியர் அம்மா பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். சர்க்கரை எடுக்கும் பீற் கிழங்கின் சக்கை, சிக்கரி வேர், ஈஸ்ட். பிறகு பவுடர்ப் பேணி. அதில் இனுலின், அதாவது அதே சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. மறுபடியும் ஈஸ்ட். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சின்ன வகுப்பில் வாத்தியார் முன்னால் நின்ற நினைவு வந்தது.

அவர் விளங்கப்படுத்தியதை என் சொல்லில் சொல்கிறேன். பீற் சக்கை, சிக்கரி, இனுலின், பூசணி எல்லாவற்றிலும் இருப்பது நார். இந்த நார்கள் சிறுகுடலில் செரிப்பதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே இருக்கும் கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அதில் பியூட்டிரேட் என்பதுதான் பெருங்குடலின் உட்சுவருக்குச் சாப்பாடு. ஆக, அளவாக இருந்தால் உண்மையிலேயே நல்லது. ஆனால் புளிக்கும்போது வாயுவும் வரும். அளவு மிஞ்சினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கிவிடும். நான் ஒரே வேலையைச் செய்ய நாலு பேரைப் பிடித்து விட்டிருக்கிறேன். நாலு பேரும் வேலை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பழைய பக்கற், தண்ணீர், வேறொன்றும் இல்லை. அதற்கும் ஒரே நாளில் மாறாமல் ஒரு கிழமை எடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாக மாற வேண்டும். மலத்துக்குப் புள்ளி போடும் அட்டவணை ஒன்றும் தந்தார். ஒன்று என்றால் கல், ஏழு என்றால் தண்ணீர், இரண்டும் மூன்றும் நல்லது. மகள் அதைக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். முதல் நாள் 6. ஒன்பதாம் நாள் 3. அந்த 3க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் கீறியிருந்தாள்.

உங்கள் வீட்டு நாய் பூனைகளுக்கு இப்படி ஏதாவது நடந்ததா? சாப்பாட்டில் தானாக இருந்தது, நீங்களாகச் சேர்த்தது, இரண்டையும் எழுதுங்கள்.

பாலையூற்று, மூன்று பூனைகள்:

அண்ணா, சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். என் கதை பூனைக் கதை.

மல்லி, சின்னன், ராணி. மூன்றுக்கும் ஒரே சாப்பாடு. சோஸ் மாதிரிக் குழம்போடு வருகிற சின்னப் பைகள் வாங்கிக்கொண்டிருந்தேன். சின்னனுக்கும் ராணிக்கும் ஒன்றும் இல்லை. மல்லிக்கு மட்டும் மணல் தட்டில் எப்போதும் இளக்கம், வாலடியெல்லாம் அழுக்கு. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மீன் பையை விட்டுக் கோழிப் பைக்குப் போனேன். அதே கதை. மாட்டிறைச்சிப் பை. அதே கதை. அப்புறம்தான் மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். குவார் கம்மும் கராஜீனனும். ஒன்று கொத்தவரை இனத்து விதையிலிருந்து வருவது, மற்றது சிவப்புக் கடற்பாசியிலிருந்து. இரண்டும் குழம்பைத் தடிப்பாக்கத்தான்.

அது இல்லாத, ரின்னில் கட்டியாக வருகிற சாப்பாட்டை மல்லிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு கிழமையில் சரி. பழைய பையை ஒருமுறை திரும்பக் கொடுத்தேன், வேண்டுமென்றேதான். மூன்றாம் நாள் இளக்கம். இதை வைத்துக்கொண்டு குவார் கம் நஞ்சு என்று எழுதிவிடாதீர்கள். மற்ற இரண்டும் இன்றுவரை அதைத்தான் நக்கி முடிக்கின்றன. சில பூனைகளின் குடலுக்கு அந்தப் பிசின் அதிகம், அவ்வளவே.

2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது பையும் இல்லை ரின்னும் இல்லை. சோறும் சூடை மீனும்தான். வயிறு நன்றாக இருந்தது, ஆனால் ராணி மெலிந்து போனாள். சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டிய பிறகுதான் தேறினாள்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாய்க்குக் கொடுக்கும் மெத்தென்ற துண்டுகளைச் சின்னனுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தால் புரோப்பிலீன் கிளைக்கோல். அது நாய்ச் சாப்பாட்டை ஈரமாக வைத்திருக்கச் சேர்ப்பது. பூனையின் சிவப்பணுக்களை அது கெடுக்கும். அமெரிக்காவில் பூனைச் சாப்பாட்டில் அதை 1996இலேயே தடைசெய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னேன், இப்போது பூனைக்கு நெத்தலிதான் கொண்டுவருகிறார்கள்.

சாம்பல்தீவு தம்பி:

அக்கா, அந்த நெத்தலியை அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை கரைவலை இழுக்கும் இடத்திலேயே வளர்ந்தது. விடிய வலை வந்தால் சாளையும் நெத்தலியும் பச்சையாக வயிறு முட்டத் தின்னும். வீட்டில் வேறு எதையும் தொடாது. முதலில் சாப்பாடு குறைந்தது, வாந்தி. பிறகு ஒருநாள் தலையைத் தூக்க முடியாமல், நாடி நெஞ்சில் முட்டுகிற மாதிரிக் குனிந்தபடி தள்ளாடி நடந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, என்ன தின்கிறது? பச்சை மீன் என்றதும் விற்றமின் பி1 ஊசி போட்டார். அடுத்த நாளே தலை நிமிர்ந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன்.

இந்த இனத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 ஐ உடைத்துவிடும். அவித்தால் நொதி செத்துவிடும். நாங்கள் சேர்த்த பொருள் ஒன்றும் இல்லை, கடல் சேர்த்தது. ஆனால் இறைச்சி நிறம் மாறாமல் இருக்கப் போடும் சல்பைற் வகைகளும் இதே பி1 ஐத்தான் அழிக்கின்றன, நாய் பூனை இரண்டுக்கும் அதனால் நோய் வந்திருக்கிறது என்று அவரே சொன்னார். அதனால் இங்கே எழுதலாம் என்று நினைத்தேன்.

சீனக்குடா பென்சன்காரர்:

வாசித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் காலத்தில் நாய் மீன் தலையும் சோறும் தின்று பதினாலு வருசம் காவல் இருந்தது என்று எழுத வந்தேன். எழுதும்போதே ஞாபகம் வந்தது, பதினாலு வருசம் இருந்தது ஒன்று. ஐந்து வருசத்தில் போனவை நாலைந்து. சரி, அதை விடுவோம்.

நான் சரக்குக் கப்பல்களோடு வேலை செய்தவன். மீன்தூள் மூட்டை என்றால் எங்களுக்கு ஒரு பயம். அதிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறும், பார்த்துக்கொள்ளாவிட்டால் கப்பலுக்குள் நெருப்பு. அதனால் கப்பலில் ஏற்றுமுன் எண்ணெய் கெடாமல் இருக்க மருந்து கலக்க வேண்டும் என்பது சட்டம். நெடுங்காலம் கலந்தது எத்தொக்சிக்குவின். ஐரோப்பாவில் 2017இல் அதைத் தீவனத்தில் இடைநிறுத்தினார்கள். இது வயிற்றோட்டம் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கற் செய்பவன் போடாமலே, அவன் வாங்கிய தூளோடு வந்துவிடுகிற பொருளும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக்கணக்கில் நிறுத்து விற்பார்கள். மலிவு, நானும் வாங்கினேன். வைகாசி வெயில் தெரியும்தானே? மூன்றாம் கிழமை மூட்டையில் பழைய தேங்காயெண்ணெய் மணம். நாய் இரண்டு நாள் மணந்து பார்த்துவிட்டுப் போனது, மூன்றாம் நாள் பசியில் தின்றது, இரவெல்லாம் வாந்தி. எண்ணெய் கெடாமல் போடும் மருந்தைத் திட்டுகிறவர்கள் கெட்ட எண்ணெயையும் ஒருமுறை மணந்து பார்க்கட்டும். இப்போது சின்னப் பக்கற்தான், வாய் கட்டிய பேணியில்.

நீங்கள் பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்கிறீர்கள். கோட்டைக்குள் நிற்கும் நம்முடைய மான்கள் சோறு சுற்றும் லஞ்ச் சீற், பக்கற் எல்லாவற்றையும் முழுதாகவே விழுங்குகின்றன.

மட்டிக்களி:

எங்கள் வீட்டிலும் பூசணி. ஆனால் பூனைக்கு மலச்சிக்கல் என்று கொடுத்தோம். ஒரு கிழமையாக ஒன்றும் நடக்கவில்லை. தயிரும் கொடுக்கலாமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லிங்கநகர்ப் பிள்ளை:

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்னும் வைத்தியர் இல்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மட்டிக்களி அக்கா, ஒரு கிழமை மலம் போகாத பூனையை இன்றைக்கே காட்டுங்கள். பூசணி அதற்குப் போதாது. அவித்த பூசணி 100 கிராமில் நார் ஒரு கிராம் சொச்சம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இசப்கோல் உமி என்றால் ஐந்து கிராமிலேயே நாலு கிராம் நார். மலச்சிக்கல் உள்ள பூனைகளுக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் குடிக்காத பூனைக்கு இசப்கோல் கொடுத்தால் அதுவே உள்ளே கட்டிவிடும். அளவு வைத்தியர் சொல்ல வேண்டும்.

தயிர். நாய் பூனைக்குக் கொடுத்துச் சோதித்த கிருமி வேறு, நம் சட்டித் தயிரில் இருப்பது வேறு. அதிகம் ஆராய்ந்தது என்ரரோகொக்கஸ் பீசியம் என்பதை. விலங்குக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வு 2011இல் வந்தது. அதைத் தின்ற பூனைகளில் இரண்டு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் வயிற்றோட்டம் குறைந்தது. நாய்களில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. ஒரே பவுடர், ஒரே இடம்! வளர்ந்த பூனைக்கும் பல நாய்களுக்கும் பாலிலுள்ள லக்ரோஸ் செரிப்பது குறைவு. தயிரில் அது பாலைவிடக் குறைவாக இருக்கும், இல்லாமல் போகாது.

பாலையூற்று அக்காவின் ராணி மெலிந்ததிலும் ஆச்சரியம் இல்லை. மாச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயில் அதிகம் என்று 2013இல் காட்டினார்கள். நம்மோடு சோறும் ரொட்டியும் தின்று வந்த வரலாறு அது. பூனை அந்த வழியில் வரவில்லை, இறைச்சியில் வாழ்கிற உடம்பு.

கேட்காத இரண்டு. சீனி இல்லாத சூயிங்கம், சில கச்சான் பட்டர், பற்பசை இவற்றில் சைலிட்டோல் இருக்கும். 10 கிலோ நாய்க்கு ஒரு கிராம் போனாலே இரத்தச் சீனி விழுந்து மயங்கும், இன்னும் போனால் ஈரல். பூனைக்கு வயிற்று வலி என்று பரசிட்டமோல் கால் துண்டுகூடக் கொடுக்காதீர்கள். போன லீவில் அப்படி ஒரு பூனை வந்தது. காப்பாற்ற முடியவில்லை.

மட்டிக்களி:

நன்றி பிள்ளை. ஓட்டோ சொல்லியாயிற்று, போகிறோம்.

உவர்மலை வாசி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மட்டிக்களி அக்கா, வந்ததும் ஒரு வரி போடுங்கள்.

வீமன் கேட்பவர்களுக்கு. ஒவ்வொன்றாக, ஒரு கிழமை இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். பூசணி ஒரு கரண்டி, புள்ளி மாறவில்லை. பவுடர் கால் கரண்டி, நாலாம் நாள் 5க்கு ஏறியது, நிறுத்திவிட்டோம். பேணி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. மச்சான் தொலைபேசி எடுக்கும் போதெல்லாம் பவுடர் எப்படி என்று கேட்கிறான், நன்றாக இருக்கிறது என்கிறேன். தயிர் மட்டும் இரண்டு கரண்டி ஒத்துவரவில்லை, அரைக் கரண்டி என்றால் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே தயிரை நாங்கள் தின்கிறோம். சட்டியை நக்குவது வீமனின் பங்கு.