மழைத் தரவின் ஜிஆர்டி கோப்பை கியூஜிஐஎஸ்-க்குக் கொண்டுவருவது எப்படி? வைகைப் படுகையில் தலைகீழாக விழுகிறது

வைகைக்கரை:

வணக்கம். முதுகலை புவியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வைகைப் படுகையில் 1991 முதல் 2023 வரை மழை எப்படி மாறியிருக்கிறது என்பது என் ஆய்வு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே தளத்திலிருந்து 0.25 டிகிரி கட்டத் தினசரி மழைத் தரவை 33 ஆண்டுகளுக்கும் இறக்கிவிட்டேன். எல்லாம் ஜிஆர்டி (.grd) கோப்புகள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் திறக்கவில்லை. சர்ஃபர் மென்பொருளின் கோப்புக்கும் இதே பின்னொட்டுதான் என்பதால் அந்த வழியிலும் முயன்றேன், பயனில்லை.

அப்புறம் வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்த பைத்தான் நிரலில் ஓட்டி ஜியோடிஃப் (இட விவரம் பதிந்த படக்கோப்பு) ஆக்கினேன். ஆனால் தமிழ்நாட்டு எல்லைக் கோட்டை மேலே வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாக இருக்கிறது. திருப்பிப் போட்டேன், இப்போது கடற்கரை கொஞ்சம் கிழக்கே தள்ளி நிற்கிறது. ராமநாதபுரம் பக்கத்துத் துணைப்படுகைக்கு மாதச் சராசரி மழை மைனஸ் 242 என்று வருகிறது. சின்னத் துணைப்படுகைகள் ஒன்றிரண்டுக்கு மதிப்பே வரவில்லை. லீப் ஆண்டுகளில் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு சிர்ப்ஸ் (CHIRPS) என்ற செயற்கைக்கோள் சார்ந்த மழைத் தரவுக்குப் போ, அது 0.05 டிகிரி, நேராகவே ஜியோடிஃப் ஆகக் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். போய்விடலாமா? மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

தரவுத்தச்சன்:

நீங்கள் சொன்ன பெரும்பாலான கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த ஜிஆர்டி கோப்பில் தலைப்புப் பகுதி என்று எதுவும் கிடையாது. வெறும் எண்களின் வரிசை. எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் போகிறது, எத்தனை நாள் என்று கோப்பு சொல்லாது, நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் கியூஜிஐஎஸ் திறக்க மறுக்கிறது.

ஒரு நாளுக்கு 135 நெடுக்கை, 129 அட்சம், ஆக 17,415 எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட் மிதவைப் புள்ளி எண், லிட்டில் எண்டியன் (பைட்டுகளை அடுக்கும் ஒரு முறை). ஒரு நாளுக்கு 69,660 பைட். சாதாரண ஆண்டின் கோப்பு 2,54,25,900 பைட் இருக்க வேண்டும், லீப் ஆண்டு 2,54,95,560. முதல் வேலையாக 33 கோப்புகளின் அளவையும் பாருங்கள். ஒரு பைட் குறைந்தாலும் அந்தக் கோப்பு பாதியில் அறுந்தது என்று அர்த்தம். உங்கள் நிரல் லீப் ஆண்டில் நிற்பதற்குக் காரணம் அதற்குள் 365 என்று யாரோ கையால் எழுதி வைத்திருப்பதுதான். நின்றதே நல்லது. நிற்காமல் ஓடியிருந்தால் பிப்ரவரி 29-க்குப் பிறகு எல்லா நாளும் ஒன்று தள்ளிப் போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கோப்பின் அளவை 69,660-ஆல் வகுத்து நாட்களின் எண்ணிக்கையை நிரலே கண்டுபிடிக்கும்படி மாற்றுங்கள்.

தலைகீழ் விஷயம்: எண்கள் தெற்கிலிருந்து வடக்காக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் எண் 6.5 வடக்கு, 66.5 கிழக்கு. கடைசி எண் 38.5 வடக்கு, 100 கிழக்கு. ஜியோடிஃப் வழக்கமாக வடமேற்கு மூலையில் தொடங்கும். ஆகவே நம்பை என்ற பைத்தான் நூலகத்தில் நாள், அட்சம், நெடுக்கை என்ற வரிசையில் அடுக்கிவிட்டு அட்ச அச்சை மட்டும் திருப்ப வேண்டும்.

கிழக்கே தள்ளி நிற்பதற்குக் காரணம், 66.5 என்பது கட்டத்தின் நடுப்புள்ளி, நீங்கள் அதை மூலையாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஜியோடிஃப் எழுதும் ராஸ்டீரியோ நூலகத்தில் மேல் இடது மூலையாக 66.375, 38.625 என்று கொடுங்கள். அரைக் கட்டம் என்றால் 0.125 டிகிரி, ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இந்திய வரைபடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் 14 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால் மலைமுகட்டில் பெய்த மழையைக் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டியதாக ஆகிவிடும். உங்கள் படுகைக்கு இதுதான் உயிர்நாடி.

மைனஸ் 242: கடல் மேலும் தரவு இல்லாத இடத்திலும் -999 என்று எழுதியிருப்பார்கள். மூன்று கட்டத்தில் தலா 10 மி.மீ., நான்காவது கட்டத்தில் -999 என்று வைத்துக் கூட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள், உங்கள் எண் வந்துவிடும். ஜியோடிஃப் எழுதும்போதே நோடேட்டா (தரவு இல்லை என்னும்) மதிப்பாக -999-ஐக் கொடுத்துவிடுங்கள். பின்னால் வெப்பநிலைத் தரவையும் எடுப்பீர்கள் என்றால், அது 1 டிகிரி கட்டம், 31-க்கு 31, அங்கே இல்லாத மதிப்பு 99.9. அதை மறந்தால் வெயில் 99.9 டிகிரி என்று சராசரியில் கலந்துவிடும்.

குளத்துமேடு:

நிரல் எழுத வேண்டாம் என்றால் ஐஎம்டிலிப் என்ற பைத்தான் நூலகம் இதற்கென்றே இருக்கிறது. ஆண்டுவாரிக் கோப்பைப் படித்து நெட்சிடிஎஃப் (பல நாள் தரவை ஒரே கோப்பில் வைக்கும் வடிவம்) ஆகவோ ஜியோடிஃப் ஆகவோ கொடுத்துவிடும். இல்லையென்றால் அதே தளத்தில் நெட்சிடிஎஃப் வடிவிலும் தரவு இருக்கிறது, அதையே இறக்குங்கள். கியூஜிஐஎஸ் நேராகத் திறக்கும், ஒரு நாளுக்கு ஒரு பேண்ட் (அடுக்கு). திறந்ததும் -999 நோடேட்டாவாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் லேயர் பண்புகளில் பார்த்துவிடுங்கள்.

மழைமானி:

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் எப்போதும் செய்வது, எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு மழையை எடுத்துப் பார்ப்பது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. 2023 கோப்பில் 352-ஆவது நாளைத் திறங்கள், அதாவது டிசம்பர் 18. தென்கோடியில் தாமிரபரணி பக்கம் ஒரே அடர்த்தியாகத் தெரிந்தால் திசை சரி. இமயமலைப் பக்கம் தெரிந்தால் அட்சத்தைத் திருப்பவில்லை. அந்தக் கட்டத்தில் 95 செ.மீ. இருக்கும் என்று தேடாதீர்கள், பல நிலையங்களின் அளவைக் கலந்து கணக்கிட்ட கட்ட மதிப்பு அது, குறைவாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொன்றும் புரியும். அந்த மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. ஆனால் தரவில் 18-ஆம் தேதியில் இருக்கும், ஏனென்றால் நம் மழைமானி நாள் காலை 8:30-க்கு முடிகிறது. முந்தின நாள் 8:30 முதல் அன்று 8:30 வரை பெய்தது அன்றைய கணக்கு. 8:30 என்பது சர்வதேச நேரப்படி 3 மணி. ஈஆர்ஏ5-லேண்ட் (ஐரோப்பிய மறுஆய்வுத் தரவு) போன்ற மணிவாரித் தரவோடு ஒப்பிடும்போது பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதில் மழை மீட்டரில் இருக்கும் (1000-ஆல் பெருக்க வேண்டும்), அதோடு ஒவ்வொரு நாளும் சர்வதேச நேரம் 0 மணியிலிருந்து கூட்டிக்கொண்டே வரும். மணிக்கணக்கு என்று நினைத்து 24 மதிப்பையும் கூட்டினால் மழை பல மடங்காகிவிடும்.

சின்னத் துணைப்படுகைகளுக்கு மதிப்பு வராததற்கு வருகிறேன். வைகைப் படுகை சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். உங்கள் ஒரு கட்டம் நம் அட்சத்தில் சுமார் 750 சதுர கிலோமீட்டர். ஆகப் படுகை முழுவதற்கும் ஒன்பது, பத்து கட்டங்கள்தான்! கட்டத்தின் நடுப்புள்ளி எல்லைக்குள் விழுந்தால் மட்டும் கணக்கில் எடுக்கும் கருவியில் சின்னப் படுகைக்கு எதுவும் கிடைக்காது. எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு கட்டமும் எல்லைக்குள் எத்தனை பங்கு விழுகிறதோ அந்த எடையில் சராசரி எடுக்கும். தயவுசெய்து 30 மீட்டர் கட்டமாக ரீசாம்பிள் செய்துவிட்டு (சின்னச் சின்னதாக உடைத்துவிட்டு) நுணுக்கமான மழைவரைபடம் என்று ஆய்வேட்டில் போடாதீர்கள். வழவழப்பாகத் தெரியும், உள்ளே புதிதாக ஒரு தகவலும் இருக்காது. மழையை நம்பி நிலத்தடி நீர் வரை கணக்குப் போடுகிற இடத்தில் அந்தப் படம் ஆபத்தானது.

சிர்ப்ஸ்? 1981-இலிருந்து இருக்கிறது, உங்கள் படுகைக்கு 230 கட்டம் வரை கிடைக்கும். அதில் நோடேட்டா -9999. ஆனால் அது மேகத்தின் மேல்பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் பார்ப்பதையும் நிலைய அளவையும் சேர்த்துச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரமில்லாத மேகத்திலிருந்தே நல்ல மழை பெய்யும், அந்த இடத்தில் அது குறைத்துக் காட்டலாம். வானிலைத் துறை தரவிலும் சிக்கல் உண்டு: அதற்கு 6,955 நிலையங்களின் பதிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் எல்லா ஆண்டும் எல்லா நிலையமும் இருந்ததில்லை. போக்கு பார்க்கிற உங்களுக்கு இது முக்கியம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வானிலைத் துறை தரவை முதன்மையாக வைத்து, சிர்ப்ஸ் அதே திசையில் போகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தச்சன் அண்ணா சொன்னபடி அளவைப் பார்த்தேன், 32 கோப்பு சரியாக இருந்தது, 2006 மட்டும் பாதியில் நின்றிருந்தது, என் வீட்டு இணைப்பு அன்றைக்கு விட்டுவிட்டு வந்தது. மறுபடி இறக்கிவிட்டேன். 352-ஆவது நாள் தூத்துக்குடிப் பக்கமே அடர்த்தியாக வருகிறது, கடற்கரையும் பொருந்துகிறது! மைனஸ் மதிப்பும் போய்விட்டது.

இன்னும் ஒரு சந்தேகம். பரப்பு கணக்கிட எந்த யூடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) மண்டலம், 43-ஆ, 44-ஆ? 78 டிகிரிக் கோடு மதுரைக்குக் கொஞ்சம் மேற்கே படுகையை இரண்டாக வெட்டுகிறது. அப்புறம் 12,053 நாளையும் தனித்தனி ஜியோடிஃப் ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன், மடிக்கணினி திணறுகிறது.

தரவுத்தச்சன்:

அந்த மாற்றத்தை உடனே நிறுத்துங்கள், 12,053 கோப்பு யாருக்கும் வேண்டாம். 33 ஆண்டும் சேர்ந்தே ஒரு ஜிபி கூட வராது, ஒரே நெட்சிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டு எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் மாதக் கூட்டுத்தொகை, வடகிழக்குப் பருவத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கூட்டுத்தொகை, போக்கு எல்லாவற்றையும் அங்கேயே கணக்கிடுங்கள். வரைபடமாகப் போட வேண்டிய முடிவுகளை மட்டும் ஜியோடிஃப் ஆக்கினால் போதும், பத்துப் பதினைந்து வரும்.

படுகைப் பரப்புக்கு முழுவதற்கும் 44-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், வருசநாடு பக்கம் வரும் வேறுபாடு மிகச் சிறியது. மழை ராஸ்டரை (கட்டப் படத்தை) மட்டும் யூடிஎம்-க்கு மாற்றாதீர்கள். இபிஎஸ்ஜி 4326-இலேயே (அட்ச, நெடுக்கை டிகிரி முறை) இருக்கட்டும், துணைப்படுகை ஷேப்ஃபைலை (எல்லைக் கோப்பை) அதற்கு மாற்றிக்கொண்டு சராசரி எடுங்கள். ராஸ்டரை மாற்றினால் கட்டங்களே புதிதாகக் கணக்கிடப்படும், நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த அரைக் கட்டம் மறுபடியும் நகர்ந்துவிடும்.