டேக்-ஹோம் அசைன்மென்டுக்கு வார இறுதி முழுக்கக் கேட்பது நியாயமா?

பேக்கெண்ட்_மதுரை:
சென்னையில் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலைக்கு விண்ணப்பித்தேன். எச்ஆர் போனில் பேசிய மறுநாளே டேக்-ஹோம் அசைன்மென்ட் (வீட்டிலிருந்தே கோடு எழுதி அனுப்பும் தேர்வு) வந்துவிட்டது, இன்னும் ஒரு எஞ்சினியரிடம்கூட நான் பேசவில்லை. லாகின், பேமென்ட், அட்மின் டாஷ்போர்டு, டெஸ்ட் எல்லாம் எழுதி, கிளவுடில் டெப்ளாய் செய்து லிங்க்கும் அனுப்ப வேண்டுமாம். "நாலு மணி நேர வேலை" என்கிறார்கள், ஒழுங்காகச் செய்தால் சனி ஞாயிறு இரண்டும் போய்விடும். ஆபீஸில் ரிலீஸ் நேரம், வீட்டில் கைக்குழந்தை. எப்படி மறுப்பது?

பழைய_டெவலப்பர்:
நான் ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவன். நேர்காணல் என்றால் எங்கள் ஆளும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அதனால் யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்போம். அசைன்மென்டுக்கு ஒரு மெயில்தான் செலவு, அதான் கண்டவருக்கெல்லாம் போகிறது, வருகிற கோடில் பாதியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை (வெட்கக்கேடுதான்). வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் சோதனை வேலைக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்து வந்தது. காசு கொடுக்க வேண்டும் என்றால் கேட்பதும் தானாகக் குறையும்.

நைட்ஷிஃப்ட்:
ஒரேயடியாக ஒழிக்கச் சொல்லாதீர்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது, டேக்-ஹோம் இல்லையென்றால் இந்த வேலையே கிடைத்திருக்காது. லீட்கோடில் (நேர்காணலுக்கான கோடிங் கேள்விகளைப் பழகும் தளம்) மாதக்கணக்கில் உட்காருவதும் நம் நேரம்தானே, அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை? நேர்காணல் சுற்றுகளையும் சேர்த்துப் பாருங்கள். கூகுள் தன் பழைய நேர்காணல்களை ஆராய்ந்துவிட்டு, நாலு பேர் பார்த்தாலே 86 சதவீத உறுதியோடு முடிவெடுக்கலாம் என்றது. இங்கே இருபது பேர் கம்பெனியில் ஆறு சுற்று!

கோர்ட்டும்_கோடும்:
இன்னொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் அவர்களின் ஊழியர் ஆகும்வரை, எழுதிய கோடு பொதுவாக உங்களுடையதுதான், எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய. அனுப்பும் முன் அவர்கள் ஏதாவது கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா பாருங்கள். கேட்பது அவர்கள் ப்ராடக்டில் அப்படியே போடக்கூடிய ஃபீச்சர் போலத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பேக்கெண்ட்_மதுரை:
நன்றி. பேமென்ட் பகுதியை மட்டும் செய்கிறேன், மீதியை எப்படிக் கட்டுவேன் என்று அரை மணி நேர காலில் உங்கள் எஞ்சினியரிடம் சொல்கிறேன் என்று மெயில் போட்டேன். "எல்லோருக்கும் ஒரே ப்ராசஸ்" என்று எச்ஆர் பதில். டெக் லீடிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். அதுவரை லேப்டாப்பைத் திறப்பதாக இல்லை.