‘கன்ட்ரோல்டு காப்பி’க்குத் தமிழ்? திங்கட்கிழமைக்குள்

வணக்கம். சேலம் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் தரப்பிரிவில் இருக்கிறேன். திங்கட்கிழமை ஐ.எஸ்.ஓ. 9001 (தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) ஆடிட். செயல்முறைக் கையேடு முழுக்கத் தமிழாக்கியாயிற்று, ‘கன்ட்ரோல்டு காப்பி’யில் (திருத்தம் வரும்போதெல்லாம் பழசை வாங்கிப் புதுசு தரவேண்டிய நகல்) முட்டி நிற்கிறேன். ‘கட்டுப்பாட்டுப் படி’ என்றேன். களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிற அக்கா, “யாரைக் கட்டுப்படுத்தறதுக்குங்க?” என்கிறார். திருத்தம் 4 வந்த பிறகும் அங்கே திருத்தம் 3 படிவத்தையே ஜெராக்ஸ் எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்த்த ஈரப்பதக் கட்டம் அதில் இல்லை. பதினோரு நாள் பதிவு வீண்.

*ஏற்காட்டிலிருந்து:*
தம்பி, பெரியபுராணத்தைப் புரட்டும். சுந்தரர் தம் அடிமை என்று ஓலை காட்டி வழக்காட வந்த கிழவர், சுந்தரர் கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரம் என்றாரே! மாஸ்டர் காப்பி அதுதான். சோழர் கல்வெட்டில் திருமந்திர ஓலை, அதாவது அரசாணை, எழுதுகிறவரும் உண்டு, அவர்மேல் ஓலைநாயகமும் உண்டு. உம்முடைய ‘அப்ரூவ்டு பை’ அங்கேயே இருக்கிறது. ‘ஆவணம்’ பழைய இலக்கியத்தில் கடைத்தெரு, அதை அப்புறம் பேசுவோம். வினைத்தொகையாக ‘செல்படி’ என்க. காலாவதியானது ‘செல்லாப்படி’, செல்லாக்காசு போல.

*அழகாபுரத்திலிருந்து:*
ஐயா, அச்சகத்தில் அதை ‘செல்லுபடி’ என்று திருத்திவிடுவார்கள். களத்தில் செல்போன் என்பார்கள். அது போகட்டும், செல்வதும் கன்ட்ரோலும் ஒன்றா? வாடிக்கையாளருக்குத் தரும் அன்கன்ட்ரோல்டு காப்பியும் தருகிற அன்று செல்லும். திருத்தம் வந்தால் தேடிப்போய் மாற்றித் தரமாட்டோம், அவ்வளவுதான். வழங்கல் பட்டியலில் பெயர் இருந்தால் பழசை வாங்கிக்கொண்டு புதுசு தருவோம். ஆகவே ‘பட்டியற்படி’.

*ஏற்காட்டிலிருந்து:*
‘பட்டியலில் சொன்னபடி’ என்றல்லவா படிப்பார்கள்!

*இன்னொருவர்:*
ஐ.எஸ்.ஓ. 9001இன் 2008 பதிப்பில் ஆவணம் தனி, பதிவு தனி. வெற்றுப் படிவம் ஆவணம், நிரப்பினால் பதிவு. 2015 பதிப்பில் இரண்டையும் 7.5ஆம் பிரிவில் ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார்கள். திரையில் பார்ப்பதும் அதில் அடக்கம். ஓலையோடு நின்றால் எப்படி? நான் ‘கன்ட்ரோல்டு காப்பி’ என்றே எழுதுவேன்.

*அழகாபுரத்திலிருந்து:*
அப்படியானால் ‘கணக்கில் உள்ள நகல்’. அக்காவுக்குப் புரியும்.

*ஏற்காட்டிலிருந்து:*
நகல் அரபி.

*தொடங்கியவர்:*
ஐந்து ரோட்டில் சீல் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மூன்று வார்த்தையும் ஒரு வரியில் அடங்குமாம். நாலு பேர் சரி என்றதால் சிவப்பு மையில் ‘கணக்கில் உள்ள நகல்’ சொல்லிவிட்டேன். அக்காவிடமும் போனில் கேட்டேன். “அப்ப மத்ததெல்லாம் கணக்குல வராதுங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

*ஏற்காட்டிலிருந்து:*
‘படி’ என்று அடித்திருந்தால் ஓர் எழுத்து மிச்சம். என் மறுப்பு நிற்கிறது. ஆவணம் பற்றி நாளை எழுதுகிறேன்.