கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராகக் குற்றவியல் மேல்முறையீடுகளை நடத்துவது பற்றி அனுபவமுள்ளோர் சொல்ல வேண்டும்

ஸ்ரீராமபுரம் வழக்கறிஞர்:

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூருவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளாக சிட்டி சிவில் அண்ட் செஷன்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பெரும்பாலும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்பில் வழக்கு நடத்தி வருகிறேன். உயர் நீதிமன்ற அரசு வழக்கறிஞர் பொறுப்புக்கு, அதாவது இங்கே எல்லோரும் எச்.சி.ஜி.பி. என்று சொல்லும் பொறுப்புக்கு, விண்ணப்பிக்கும்படி என் மூத்த வழக்கறிஞர் சில வாரங்களாக வற்புறுத்துகிறார். கொலை வழக்கு மேல்முறையீடுகளில் நான் உதவி செய்திருக்கிறேனே தவிர, அரசின் சார்பில் எழுந்து நின்றதில்லை.

என் தயக்கம் இரண்டு. விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவரை மீண்டும் சிறைக்கு அனுப்பும்படி கேட்பது, இத்தனை நாள் மறுபக்கம் நின்ற எனக்கு மனத்தளவில் இயலுமா என்பது ஒன்று. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நான் கன்னடத்தைத் தடையின்றிப் பேசினாலும், மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து வரும் கையெழுத்துக் கன்னடத்தை மெதுவாகத்தான் படிக்கிறேன். இரண்டாயிரம் பக்கக் கட்டுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் அது போதுமா என்பது மற்றொன்று. அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் வேலையின் உண்மையான தன்மையை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அல்சூர் ஏரிக்கரை:

அம்மா, வணக்கம். நான் ஆறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்து, பின் சொந்தத் தொழிலுக்குத் திரும்பியவன். இது நிரந்தரப் பணியன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1977ஆம் ஆண்டின் கர்நாடக சட்ட அலுவலர்கள் விதிகளின்படி நடக்கும் நியமனம் இது. அரசு மாறும்போது பட்டியலும் மாறும். அம்பேத்கர் வீதியில் விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் போனவுடன் மேல்முறையீடுகள் மட்டுமே கையில் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். காலை நேரம் ஜாமீன் மனுக்களிலும் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுக்களிலும் போய்விடும். காவல் நிலையத்திலிருந்து கேஸ் டைரியோடு வந்து நிற்கும் தலைமைக் காவலரிடம் பத்து நிமிடத்தில் விவரம் கேட்டுக்கொண்டு எழுந்து பேச வேண்டியிருக்கும். மேல்முறையீட்டுக் கட்டைப் பிரிப்பது மாலையில்தான்.

கன்னடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மெதுவாகப் படிப்பது குறையே அல்ல. மேல்முறையீட்டில் மெதுவாகப் படிப்பவர்தான் தப்பிப்பார். ப்ரா.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி, நி.பி. என்றால் அரசுத் தரப்பு ஆவணம், மு.மா. என்றால் சான்றுப் பொருள் என்பதெல்லாம் செஷன்ஸில் உங்களுக்குப் பழகியிருக்கும். குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு வாக்கியமும் "என்றால் சரி" அல்லது "என்றால் சரியல்ல" என்று முடியும். வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் அந்தச் சிறு "அல்ல" விட்டுப்போனால் சாட்சி மறுத்தது ஒப்புக்கொண்டதாக மாறிவிடும் என்பதால், தட்டச்சுப் பிரதியில் ஐயம் வந்த இடங்களிலெல்லாம் மூலப் பதிவை வரவழைத்துப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரையும் பெயர்களையும் தவிர்க்கிறேன். நிலத் தகராறில் தம்பி கொல்லப்பட்டார். அண்ணனும் அவருடைய நண்பரும் எதிரிகள். இருவரும் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்தார்கள் என்னும் பொது நோக்கத்தின் அடிப்படையில் இருவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் செய்த மேல்முறையீட்டில் தண்டனையைக் காப்பது என் வேலை. நேரில் பார்த்த ஒரே சாட்சி இறந்தவரின் மனைவி. முன்பு யாரோ தயாரித்து வைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், "அவர்கள் இருவரும் வெட்டினார்கள்" என்று பொருள்படும்படி அந்தச் சாட்சியம் இருந்தது. என் எழுத்து வாதம் முழுவதையும் அந்த ஒரு வரியின் மேல் கட்டியிருந்தேன்.

வாதத்துக்கு முந்தைய இரவு கன்னட மூலத்தை எடுத்துப் படித்தேன். அதில் இருந்தது "அவரு ஹொடெதரு" என்பது. தமிழ் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் "அவங்க அடிச்சாங்க" என்றால் அது ஒருவரை மரியாதையாகச் சொன்னதாகவும் இருக்கலாம், பலரைச் சொன்னதாகவும் இருக்கலாம். கன்னடத்து "அவரு"வும் அப்படித்தான். அந்த அம்மாள் கணவனின் அண்ணனைச் சாட்சியம் முழுவதிலும் "அவரு" என்றே சொல்லியிருக்கிறார். கணவனைக் கொன்றவர் என்று கூண்டில் நின்று சொல்லும்போதும் மூத்தாரை ஒருமையில் பேச அவருக்கு நா எழவில்லை. நண்பரைச் சொல்ல நேர்ந்த இரண்டு இடங்களிலும் "அவனு" என்கிறார். அவர் கொடுத்த முதல் புகாரை எடுத்துப் பார்த்தேன். அதிலும் வெட்டியது "நம்ம பாவ", அதாவது கணவனின் அண்ணன், மட்டுமே. நண்பர் தூரத்தில் நின்றார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பொருளும் இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் மூத்த அரசு வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது, மூலத்தை நீதிபதிகளிடம் நீங்களே காட்டிவிடுங்கள் என்றார். காட்டினேன். இரண்டாம் எதிரியின் வழக்கறிஞரும் அதுவரை ஆங்கிலப் பிரதியை வைத்துத்தான் வாதிட்டு வந்தார் என்பது அப்போது தெரிந்தது. அண்ணனின் தண்டனை உறுதியாயிற்று, நண்பர் விடுதலையானார். அவர் அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. கன்னட மூலத்தை நான் ஒரு வாரம் முன்பே படித்திருந்தால் அந்த ஒரு வாரமாவது அவருக்கு மிஞ்சியிருக்கும்.

உங்கள் முதல் தயக்கத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. எதிரியின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குப் பாதகமான பக்கத்தை எடுத்துக் காட்டக் கடமைப்பட்டவர் அல்லர். அரசு வழக்கறிஞர் கடமைப்பட்டவர். ஒன்பது ஆண்டுகள் மறுபக்கம் நின்றவருக்கு எந்தப் பக்கத்தில் ஓட்டை இருக்கும் என்பது மற்றவர்களைவிட முன்னதாகத் தெரியும். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

எதிர்த்தரப்பு:

நான் இன்றும் எதிரிகள் தரப்பில் மட்டுமே ஆஜராகிறவன். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு செய்யும் மேல்முறையீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள்.

உங்கள் மனத்துக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி, சட்டமே உங்கள் கையைப் பெரிதும் கட்டியிருக்கிறது என்பதுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 378ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 419ஆம் பிரிவாகவும் இருக்கும் விதியின்படி, உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அரசின் மேல்முறையீடு விசாரணைக்கே ஏற்கப்படாது. கர்நாடகத்திலிருந்து போன சந்திரப்பா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தொகுத்துத் தந்த கோட்பாடுகள் இன்றுவரை ஒவ்வொரு அமர்விலும் படிக்கப்படுகின்றன. சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் விடுதலையானவர் நிரபராதி என்னும் அனுமானம் விடுதலைத் தீர்ப்பால் இரட்டிப்பாகிறது. அதே சாட்சியத்திலிருந்து நியாயமான இரு முடிவுகளுக்கு வர இயலுமானால், கீழ் நீதிமன்றம் எடுத்த முடிவைக் கலைக்கக் கூடாது. ஆகவே "நான் நீதிபதியாக இருந்திருந்தால் தண்டித்திருப்பேன்" என்பது உங்கள் வாதமாக இருக்க இயலாது. "எந்த நியாயமான நீதிபதியும் இப்படி விடுதலை செய்திருக்க மாட்டார்" என்று காட்ட வேண்டும்.

இன்னொன்று. மேல்முறையீடு செய்யலாமா என்று உங்களிடம் கருத்துரை கேட்டுக் கோப்பு வரும். புலனாய்வு அதிகாரியின் வருத்தத்துக்காகவோ செய்தித்தாளில் வந்த கண்டனத்துக்காகவோ "செய்யலாம்" என்று எழுதும் கருத்துரைகளை நான் எதிரில் நின்று நிறையச் சந்தித்திருக்கிறேன். தொண்ணூறு நாள் காலக்கெடுவும் தாண்டித் தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனுவோடு அவை வந்து சேரும். அதற்குள் விடுதலையானவர் வேலை தேடி, மகளுக்குத் திருமணம் பேசி, மறுபடி ஒரு வாழ்க்கையைத் தொடங்கியிருப்பார். "இதில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை" என்று காரணங்களோடு மூன்று பக்கம் எழுதுவது, எழுந்து நின்று ஒரு மணி நேரம் வாதிடுவதைவிடப் பெரிய பணி. அதை எழுதத் துணிவிருந்தால் தயங்காமல் போங்கள்.

தங்கவயல் பேரன்:

மேலே இருவரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நம் ஊரிலேயே நடந்த, தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மேல்முறையீட்டை இந்தக் கோணத்தில் மறுபடி படிக்கச் சொல்வேன். அரசியலுக்காகச் சொல்லவில்லை, மேல்முறையீடு எப்படித் திசைமாறும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் 2003இல் சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று சிறப்பு நீதிமன்றம் அவர் உட்பட நால்வரையும் தண்டித்தது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு நடந்தபோது அரசுத் தரப்பில் வாதிட்டவர் விசாரணை நீதிமன்றத்துக்கென நியமிக்கப்பட்ட வழக்கறிஞர். மேல்முறையீட்டில் ஆஜராக அவருக்குச் செல்லத்தக்க அதிகாரம் இல்லை என்றும், வழக்கை நடத்தும் அதிகாரம் கர்நாடக அரசுக்கு மட்டுமே உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 27 அன்று சொன்னபோது, இங்கே வாதங்கள் முடிந்துவிட்டிருந்தன. கர்நாடகத்துக்குக் கிடைத்தது எழுத்து வாதம் தாக்கல் செய்யும் வாய்ப்பு மட்டுமே. நியமன ஆணையில் எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

2015 மே 11 அன்று உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 விழுக்காடுதான், பொறுத்துக்கொள்ளத்தக்க பத்து விழுக்காட்டுக்குள் அடங்குகிறது என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளம். வருமானத்தில் சேர்த்துத் தீர்ப்பிலேயே அட்டவணையாகக் கொடுக்கப்பட்ட பத்துக் கடன்களைக் கூட்டினால் சுமார் 10.67 கோடி ரூபாய் வருகிறது. தீர்ப்பில் இருந்த கூட்டுத்தொகை சுமார் 24.17 கோடி. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசத்தைச் சரிசெய்தால் அந்த விழுக்காடு நிற்காது. கர்நாடகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதில் இந்தக் கூட்டல் முக்கியமான வாதம். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து விசாரணை நீதிமன்றத்தின் முடிவை மீட்டது. முதல் எதிரியான ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டதால் மற்ற மூவரும் தண்டனை அனுபவிக்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்த அன்றே அதிலுள்ள எண்களை எல்லாம் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பொருளாதாரக் குற்ற வழக்குகளில் நான் இன்றும் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன் அதைத்தான் செய்கிறேன்.

ஸ்ரீராமபுரம் வழக்கறிஞர்:

மூவருக்கும் மிக்க நன்றி. "அவரு" என்ற சொல்லைப் பற்றி ஐயா எழுதியதை என் தாயாரிடம் படித்துக் காட்டினேன்; "பின்னே, மூத்தாரை எப்படி அவன் என்று சொல்வாள்?" என்றார். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மரண தண்டனையை உறுதி செய்யக் கோரி செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குகளில் அரசு வழக்கறிஞர் என்ன செய்கிறார்? அவற்றை மறுக்க வழியுண்டா?

அல்சூர் ஏரிக்கரை:

ஒதுக்கப்பட்ட வழக்கை மறுப்பது வழக்கமில்லை. ஆனால் மரண தண்டனை வேண்டும் என்று வற்புறுத்துவதுதான் நம் வேலை என்றும் எண்ண வேண்டாம். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனை நிறைவேறாது. குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்க வேண்டும். குற்றவாளி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் சாட்சியம் முழுவதையும் அவர்கள் தாமே ஆராய வேண்டும். 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றவாளியின் வயது, குடும்பப் பின்னணி, மனநலம், சிறையில் அவருடைய நடத்தை ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை அரசே திரட்டி விசாரணைக் கட்டத்திலேயே நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நடைமுறையில் அவை பல கட்டுகளில் இருப்பதில்லை. நீங்கள் சிறைக் கண்காணிப்பாளருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் கடிதம் எழுதி வரவழைக்க வேண்டியிருக்கும்.

அப்படி வரவழைத்த ஓர் அறிக்கையில், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் சிறையில் எழுதப் படிக்கக் கற்று, தன் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தாயின் முதியோர் ஓய்வூதியத்துக்காக மனு எழுதியிருந்ததைக் கண்டேன். மனுவின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. பெரிய பெரிய எழுத்துகள், ஒவ்வொரு வரியும் மேல்நோக்கி ஏறிப் போயிருந்தது. அவர் செய்த குற்றம் கொடியது, அதன் சாட்சியம் உறுதியானது, இரண்டையும் நான் முழு வலுவோடு வாதிட்டேன். பிறகு அந்த நகலையும் நீதிபதிகளிடம் கொடுத்தேன். தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இறந்தவரின் அண்ணன் வெளியே வந்து என்னோடு பேசாமல் போனார். இரண்டையும் தாங்கிக்கொள்ள வேண்டிய பொறுப்பு இது என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். விண்ணப்பத்தோடு நீங்களே நடத்திய செஷன்ஸ் வழக்குகளின் தீர்ப்பு நகல்களையும் இணையுங்கள், தோற்ற வழக்குகளையும் சேர்த்து.