மோல்மேன் போகிற பஸ்ஸில் தமிழ் ரேடியோ கேட்க முடியுமா?

மீனா, ரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். துணி வியாபாரம் செய்கிறேன், மாதம் இரண்டு தடவை ரங்கூனில் இருந்து மோல்மேன் போய் வருவேன். மதியம் கிளம்பி ராத்திரி போய்ச் சேர்கிற பஸ்தான் எப்போதும். போன மாதம் அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகன் எண் திரையில் தெரிகிற ஒரு சின்ன ரேடியோ கொடுத்துவிட்டான், ஏஎம், எஃப்எம் இரண்டும் இருக்கிறது.

எங்கள் தாத்தா மோல்மேனில் இருந்த காலத்தில் பெரிய வால்வு ரேடியோ வைத்திருந்தாராம். சாயங்காலம் ஆனால் இலங்கை வானொலி கேட்கத் தெருவில் பாதிப் பேர் திண்ணைக்கு வந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லியே எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. போனில் பாட்டு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கேயோ ஒருத்தர் உட்கார்ந்து இந்த நிமிஷம் தமிழில் பேசுகிறார், அது கடலைத் தாண்டி என் கைக்கு வருகிறது என்றால் அது வேறுதானே.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ரங்கூனை விட்டுப் பெகு வரைக்கும் வெறும் கரகரதான். பெகு தாண்டி இருட்டின பிறகு ஏதேதோ வருகிறது. 690-இல் வங்காளி மாதிரி ஒரு பாஷை, குரல் கிழிந்து கிழிந்து கேட்கிறது. பொத்தானை அழுத்தினால் எண் 680, 690, 700 என்று தாவித் தாவிப் போகிறது. ஏரியலை முழுசாக இழுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. ரேடியோவே சரியில்லையா, நான்தான் தப்பாகப் பிடிக்கிறேனா?

சுந்தரம், மோல்மேன்

ரேடியோவில் ஒரு குறையும் இல்லை தங்கச்சி. நாற்பது வருஷமாக ரேடியோ பழுது பார்க்கிறவன் சொல்கிறேன், நீ எழுதினதிலேயே பதில் இருக்கிறது. 680, 690, 700 என்று பத்துப் பத்தாகத் தாவுவது அமெரிக்கக் கணக்கு. நம் பக்கம், அதாவது பர்மா, இந்தியா, இலங்கை, தாய்லாந்து எல்லாமே ஒன்பது ஒன்பதாகத்தான் நிலையங்களை வைத்திருக்கிறது, 531-இல் தொடங்கி 1602 வரை. உனக்கு வேண்டிய நிலையம் 684-இல் இருந்தால் உன் ரேடியோ அதில் நிற்காது, 680-இலும் 690-இலும் ஒழுங்காகக் கேட்காது. குரல் கிழிவது அதனால்தான். இந்த மாதிரி ரேடியோக்களில் பெரும்பாலும் 9, 10 மாற்ற வழி இருக்கும். சிலதில் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச், சிலதில் ரேடியோவை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். கூட வந்த புத்தகத்தைப் பார்.

மாற்றின பிறகு சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. திரையில் தெரிகிற எண்ணின் இலக்கங்களைக் கூட்டு. 684 என்றால் 6, 8, 4 கூட்டினால் 18. 720 என்றால் 9. 1053 என்றாலும் 9. கூட்டுத்தொகை 9, 18 மாதிரி ஒன்பதின் மடங்காக இல்லாமல் வேறு ஏதாவது வந்தால் நம் பக்கத்து நிலையம் அங்கே இருக்காது.

இரண்டாவது, அந்த இழுக்கிற ஏரியல் எஃப்எம்முக்கு மட்டும். ஏஎம்முக்கு ஏரியல் ரேடியோவுக்கு உள்ளே இருக்கிறது. மேல் விளிம்பை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கம்பி, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, பெரைட் கம்பி என்பார்கள். அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து நிலையம் மங்கிப் போகும், அதன் பக்கவாட்டில் இருப்பது ஓங்கிக் கேட்கும். சுருக்கமாகச் சொன்னால் ரேடியோவின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் தமிழ் வருகிற இடம் அந்தமான். போர்ட் பிளேர் ஆகாசவாணி 684, இங்கிருந்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர் சுமாருக்கு, பெரும்பகுதி கடல். நாள் முழுக்கத் தமிழ் இல்லை, இந்தியும் மற்ற பாஷைகளும் நடுவில் வரும், காத்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த வீடு 693, டாக்கா, ஆயிரம் கிலோவாட் நிலையம். நீ கேட்ட வங்காளி அதுதான். அந்தமான் குரலை அது அப்படியே அமுக்கிவிடும். ஆனால் மோல்மேனில் இருந்து பார்த்தால் போர்ட் பிளேர் தென்மேற்கு, டாக்கா வடமேற்கு, கிட்டத்தட்டச் செங்கோணம். கம்பியின் நுனியை வடமேற்குக்குத் திருப்பினால் டாக்கா ஒடுங்கும், அதே நொடியில் அந்தமான் எழுந்து வரும். இதை முதல்முறை கண்டுபிடித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

அந்த நுனிக்கு மறுமுனை தென்கிழக்குதானே, அங்கே யார் இருக்கிறார் தெரியுமா? தாய்லாந்து சராபுரி, 891, அதுவும் ஆயிரம் கிலோவாட். அதற்குப் பக்கத்தில் 882-இல் இலங்கை புத்தளம். சாயங்காலம் தமிழில் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் அதில் வரும். ஆக ஒரே திருப்பலில் டாக்காவும் சராபுரியும் இரண்டும் தணியும், அந்தமானும் புத்தளமும் வழி கிடைத்து வரும். சராபுரி நமக்கு ரொம்பப் பக்கம், முழுசாகப் போகாது, புத்தளம் கஷ்டப்பட்டுத்தான் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உன் பஸ்ஸுக்கு வருவோம். ரங்கூனில் இருந்து பெகு வரை ரோடு வடகிழக்கே போகிறது. நீ ரேடியோவை ஜன்னலோரம் பஸ்ஸின் நீளவாக்கில் வைத்திருப்பாய், அப்படியென்றால் கம்பியின் நுனி நேராக அந்தமானைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வழியில் பொழுதும் இன்னும் சாய்ந்திருக்காது, இரண்டும் சேர்ந்துதான் உனக்குக் கரகர. சித்தாங் ஆற்றைத் தாண்டித் தட்டோன் பக்கம் வரும்போது ரோடு தென்கிழக்கே இறங்கும். அங்கே நீளவாக்கில் வைத்தால்தான் சரி. போகும்போது வலது பக்க ஜன்னல் சீட்டு வாங்கு, திரும்பும்போது இடது பக்கம். கடல் அந்தப் பக்கம்தான்.

முத்து, யே

சுந்தரண்ணே சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடப் போவதில்லை, லாரி ஓட்டுகிறவன் அனுபவம் மட்டும். தவாய் ரோட்டில் ராத்திரி ஓட்டும்போது இன்ஜின் ஓடுகிறபோது ஒன்று கேட்கும், அணைத்தால் வேறு ஒன்று கேட்கும். எங்கள் லாரியில் போன் சார்ஜரைச் சொருகினால் ஏஎம் செத்துப் போகும், பிடுங்கினால் உயிர் வரும். பஸ்ஸில் டிவியும் கலர் விளக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் டிரைவர் பக்கத்து சீட் வேண்டாம் அக்கா, நடுவிலோ பின்னாலோ பார்த்து உட்காருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பவர் பேங்க் போட்டிருந்தாலும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தகரக் கூண்டுக்குள் அலை வருவதற்கு ஜன்னல் மட்டும்தான் வழி, கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஓடுகிற வண்டியைவிட நிறுத்தின வண்டி நல்லது, அதைவிடக் கடற்கரை நல்லது. தன்பியூசாயாட் பக்கத்தில் செட்சே கடற்கரை இருக்கிறதல்லவா, அங்கே ஒரு மார்கழி ராத்திரி லாரியை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்து கேட்டேன். உப்புத் தண்ணீர் மேல் அலை கரைச்சல் இல்லாமல் ஓடி வருமாம், அண்ணன் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு 684 உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி நின்றது. 720-இல் சென்னை கூட மெதுவாக எழும்பி ஒரு பாட்டு முழுக்க இருந்துவிட்டு அமிழ்ந்து போனது. ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மழைக்காலத்தில் முயற்சி பண்ணி மனம் நொந்துவிடாதீர்கள். எங்கே இடி இடித்தாலும் ஏஎம்மில் படபடவென்று கேட்கும். ஐப்பசி கடைசியில் இருந்து மாசி வரைக்கும்தான் நம் காலம்.

கார்த்தி

ராத்திரியில் மட்டும் ஏன் தூரத்து நிலையம் வருகிறது? பகலிலும் அதே டிரான்ஸ்மிட்டர்தானே?

சுந்தரம், மோல்மேன்

நல்ல கேள்வி தம்பி. ஏஎம் நிலையங்கள் அனுப்புகிற மத்திய அலை மேலே போய் வானத்தில் பட்டுத் திரும்பித்தான் தூரம் போகும். பகலில் சுமார் 60-இல் இருந்து 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் ஒரு அடுக்கு உண்டாகி வருகிற அலையைக் குடித்துவிடும். வெயில் போனதும் அந்த அடுக்கு கரைந்துவிடும், அதற்கு மேலே உள்ளது கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்புகிற உயரம் ஆடிக்கொண்டே இருப்பதால்தான் குரல் எழும்பி எழும்பி அமிழ்கிறது. ஆகையால் ஒரு நிமிஷம் கேட்காவிட்டால் உடனே அடுத்த எண்ணுக்குப் போய்விடாதே, ஐந்து நிமிஷம் அங்கேயே இரு.

இன்னொன்று. இந்தியாவில் ஏஎம் நிலையங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், சிலவற்றை டிஜிட்டலுக்கு மாற்றியும் இருக்கிறார்கள். டிஜிட்டலில் அனுப்புகிற நேரம் நம் ரேடியோவில் சீரான ஒரு இரைச்சல் மட்டும் கேட்கும், அருவிச் சத்தம் மாதிரி. 936 திருச்சி, 1053 தூத்துக்குடி எல்லாம் நான் நெஞ்சில் எழுதி வைத்திருக்கிற எண்கள். வராத ராத்திரிகளில் ரேடியோ மேல் பழி போடாதீர்கள்.

ராணி, ரங்கூன்

வீட்டில் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் கரண்ட் இருந்தால் ஏஎம் முழுக்க உறுமல்தான். எல்லா வீட்டிலும் எல்ஈடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர். கரண்ட் போன முதல் இரண்டு நிமிஷம், ஜெனரேட்டரை யாரும் கிளப்புவதற்கு முன்னால், மொட்டை மாடிக்கு ஓடுங்கள். அவ்வளவு அமைதி வேறு எப்போதும் கிடைக்காது. சோலார் வைத்திருப்பவர்கள் அந்தச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டியில் இருந்து தள்ளி இருக்க வேண்டும், அதுவும் நன்றாகவே உறுமும்.

அப்புறம் என் அப்பா செய்து கொடுத்த ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி மரச் சட்டத்தில் சாதாரண ஒயரைப் பன்னிரண்டு பதினான்கு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருகுகிற கேங் கண்டென்சரில் பற்றவைத்தது. ரேடியோவோடு எந்த ஒயரும் சேர்க்க வேண்டாம், பக்கத்தில் சும்மா வைத்துக் குமிழைத் திருகினால் ஒரு இடத்தில் குரல் திடீரென்று பெரிதாகும். பஸ்ஸுக்கு எடுத்துப் போக முடியாது, ஆனால் மோல்மேனில் தங்குகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாமே மீனா.

மீனா, ரங்கூன்

போய் வந்துவிட்டேன். எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நேற்றில் இருந்து காத்திருக்கிறேன்.

9-க்கு மாற்றினேன், புத்தகத்தில் இருந்தது. வலது பக்கம், பின்னால் இருந்து நான்காவது சீட். சித்தாங் பாலத்துக்கு முன்பே இருட்டிவிட்டது. 684-இல் வைத்து ஜன்னலோடு ஒட்டிப் பிடித்தேன், முதலில் டாக்காதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. தட்டோன் தாண்டி ரோடு வளைகிறபோது என் கையைச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே வந்தேன், கட்டைவிரல் அளவு திருப்பம்தான், அந்த வங்காளிக் குரல் மெலிந்து மெலிந்து ஒரு இடத்தில் இல்லாமலே போனது. அடியில் ஒரு பாட்டு. வரி புரியவில்லை, ஆனால் மெட்டு நம்முடையது. அது முடிந்ததும் ஒரு பெண் குரல், தெளிவாக, "நேரம் ஆறு மணி பத்து நிமிடம்" என்றது.

என் கடிகாரத்தில் ஏழு பத்து. ஒரு மணி நேரம் பிந்தின ஊரில் இருந்து பேசுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து சீட்டில் தட்டோனில் ஏறின ஒரு பெரியம்மா. அதுவரை என்னோடு பர்மிய பாஷையில்தான் பேசிக்கொண்டு வந்தார், நானும் அவரைத் தமிழ் என்று நினைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் என் கையைப் பிடித்து, "இது நம்ம பேச்சுல்லம்மா?" என்றார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் சின்னச் சத்தமாக இரண்டு பேர் தலைக்கும் நடுவில் வைத்தேன். மோல்மேனுக்கு முன்னால் வருகிற தான்ல்வின் ஆற்றுப் பாலத்து இரும்புக்குள் பஸ் நுழைந்ததும் சட்டென்று போய்விட்டது, அவர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பாலம் முடிந்ததும் திரும்பி வந்தது, இந்தி செய்தி ஆரம்பித்திருந்தது. பரவாயில்லை, அணைக்காதே என்றார், ஸ்டாண்டு வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தோம்.

சுந்தரண்ணே, ராணி அக்கா சொன்ன அந்தக் கேங் கண்டென்சர் கடையில் கிடைக்குமா? ரங்கூனில் இரண்டு கடையில் கேட்டேன், அந்தப் பெயரே தெரியவில்லை.

சுந்தரம், மோல்மேன்

கடையில் தேடாதே தங்கச்சி. என்னிடம் பழைய வால்வு செட்டில் கழற்றின கேங் மூன்று இருக்கிறது, நல்ல நிலையில். அடுத்த முறை வரும்போது பெரியம்மாவுக்கும் சேர்த்து இரண்டாக எடுத்துக்கொண்டு போ. அவர் எந்தத் தெரு என்று கேட்டு வைத்தாயா?