துளை அட்டை முதல் எக்செல் வரை: அரசுத் தரவு எங்கே உடைகிறது?

தொடங்கியவர்
அரசுத் துறைகளின் பழைய கணினிப் பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். யார் திட்டினார், யார் பாராட்டினார் என்ற கதை வேண்டாம். எது உடையும், ஏன், எப்படிப் பிடிப்பது என்று சொன்னால் போதும்.

மெயின்பிரேம்காரர்
1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரத்தில் அட்டை மேல் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி அடியிலுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சுற்று மூடும், எண்ணியில் முள் ஒரு படி நகரும். 1928இல் ஐபிஎம் 80 பத்தி (ஒரு பத்திக்கு ஓர் எழுத்து) அட்டையைக் கொண்டுவந்தது. 1951இல் அதே கணக்கெடுப்பு அலுவலகம் யூனிவாக் கணினிக்கு மாறியது, தகவல் காந்த நாடாவில் ஏறியது. ஆனாலும் அந்த 80 என்ற அகலம் பல காலம் கூடவே வந்தது. ஓர் ஆளுக்கு மொத்தமே 80 எழுத்து என்றால் வருடத்துக்கு 4 இடம் கொடுக்க யாருக்கு மனம் வரும்? இரண்டுதான் கொடுத்தார்கள்.

2000ஆம் ஆண்டு நெருங்கியபோது பல இடங்களில் வருடத்துக்கான ஃபீல்டை (பதிவில் அந்த விவரத்துக்கு ஒதுக்கிய இடத்தை) அகலப்படுத்தவே இல்லை. 00–29 வந்தால் 2000கள், 30–99 வந்தால் 1900கள் என்று புரோகிராமில் ஒரு எல்லை போட்டு ஒட்டுப்போட்டார்கள். ஓய்வூதியப் பதிவில் இது வில்லங்கம்: 1928இல் பிறந்தவர் 2028இல் பிறக்கப்போகிறவராகத் தெரிவார். மாற்றும் முன் ஒவ்வொரு புரோகிராமிலும் எல்லை எது என்று தேடுங்கள். ஒன்றில் 30, இன்னொன்றில் 50 என்று இருக்கலாம். பணியில் சேர்ந்த தேதியோடு ஒப்பிட்டால் நூற்றாண்டு தெரிந்துவிடும்.

தரவு மாற்றுபவர்
அதைவிட மோசம் காம்ப்-3. கோபோல் என்ற பழைய கணினி மொழியில் தொகைகளை இப்படி ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்து வைப்பார்கள், கடைசி அரை பைட் கூட்டல் கழித்தல் குறிக்கு. 7 முழு இலக்கம், 2 தசம இலக்கம் உள்ள தொகை 5 பைட்டில் அடங்கும். 1234.50 என்பது 000123450 என்றுதான் கிடக்கும். புள்ளி எங்கே என்பது கோப்பில் கிடையாது, காப்பிபுக்கில்தான் (எந்த ஃபீல்டு எங்கே, எந்த வடிவில் என்று சொல்லும் தனிக் குறிப்பில்தான்) இருக்கும்.

வழக்கமான தவறு: முழுக் கோப்பையும் எப்சிடிக்கிலிருந்து (மெயின்பிரேம் எனும் பழைய பெரிய கணினிகளின் எழுத்துக் குறியீடு) ஆஸ்கிக்கு (மற்றக் கணினிகளின் எழுத்துக் குறியீடு) ஒரே கட்டளையில் மாற்றுவது. பெயரும் முகவரியும் அழகாக வரும், தொகை குப்பையாகிவிடும். அடைத்த இலக்கத்தில் 25 என்ற பைட் இருந்தால் எப்சிடிக் கணக்கில் அது வரி முடிவு. மாற்றியதும் ஒரு ரெக்கார்டு இரண்டாகப் பிளக்கும். கோப்பை பைனரியாகவே (எதையும் எழுத்தாக மாற்றாமல் அப்படியே) இறக்கி, காப்பிபுக்கை வைத்து ஃபீல்டு ஃபீல்டாகப் பிரிப்பதுதான் வழி. காப்பிபுக் தொலைந்திருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள், முதலில் அதைத் தேடுங்கள்.

அட்டவணைப் பிரிவு
புதிய கருவியிலும் அதே கதைதான். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள். அதற்கு 65,536 வரிசைதான் எல்லை. ஒரு தொற்றுக்குப் பல வரிசை போவதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேரே அடங்கினர், மிச்சம் வெட்டுப்பட்டது. பரிசோதனை முடிவு ஆட்களுக்குப் போய்விட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது.

தொடங்கியவர்
அப்போ எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்துக்குப் போனால் தீர்ந்ததா?

அட்டவணைப் பிரிவு
எல்லை 10,48,576 ஆகும், அவ்வளவுதான். அனுப்புபவர் மூன்று எண்ணைத் தனியாகத் தரட்டும்: வரிசைகள் எத்தனை, தொகை ஃபீல்டின் கூட்டல், அடையாள எண்களின் கூட்டல். மூன்றாவதற்கு அர்த்தமே கிடையாது, ஆனால் ஒரு வரிசை விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடையாள எண்ணை எழுத்தாக ஏற்றுங்கள், இல்லையேல் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

இணைப்புப் பணி
கோப்பை நகல் எடுக்காமலே இருக்க ஒரு வழி உண்டு. எஸ்தோனியா 2001இல் தொடங்கிய எக்ஸ்-ரோடில் தரவு அதனதன் துறையிலேயே இருக்கும். தேவைப்படும் துறை கேட்கும், பதில் மின்கையொப்பத்தோடு வரும், கேள்வியும் பதிலும் பதிவாகும். சிக்கல் அங்கே வேறு பக்கம் வந்தது. 2017இல் அந்நாட்டு அடையாள அட்டைச் சிப்பு ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்கான சாவியை உருவாக்கும் விதத்தில் ஓட்டை தெரிந்து, ஏறத்தாழ 7,60,000 அட்டைகள் பாதிக்கப்பட்டன. அதே சிப்பில் நீள்வட்ட வளைவுக் குறியாக்கம் என்ற வேறொரு முறையும் இருந்தது. அதனால் அட்டையை மாற்றாமல், வீட்டுக் கணினியிலிருந்தே புதிய சாவி போட முடிந்தது. அட்டைக்கு டெண்டர் விடும்போது இரண்டாவது குறியாக்க முறையையும் கேட்டு வாங்குங்கள்.